சர்வேயர் வைத்த பொட்டு

சீடருக்கு வயது அறுபத்தேழு. குருவுக்கு முப்பத்திரண்டு. இதனால் குருவுக்கு ஒரு சங்கடமும் இல்லை. சீடருக்கு முதல் கால் மணி நேரம் கொஞ்சம் இருந்தது, பிறகு மறந்துபோனது.

குருவின் பெயர் பூங்கோதை. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியறையில் பிரிண்டர் ரிப்பேர் செய்கிறாள். அலுவலகங்களிலிருந்து வரும் பெரிய மெஷின்களை அவளே கழற்றி மாட்டுவாள். வீட்டுப் பிரிண்டர், அதுவும் பழசு என்றால் கதை வேறு. ஸ்க்ரூ டிரைவரை வந்தவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

"நான் தொட்டா அடுத்த மாசம் திரும்பி வருவீங்க. நீங்களே தொட்டா வரமாட்டீங்க" என்பாள்.

இது பிடிக்காமல் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனவர்கள் பாதிப் பேர். உட்கார்ந்த மீதிப் பேர் அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அர்த்தநாரி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். துண்டில் சுற்றிய பிரிண்டரைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தார். தோளில் ஒரு பழைய தோல் பை. முப்பத்துநாலு வருஷம் அரசாங்க சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நட்ட எல்லைக் கல்லை எந்தப் பங்காளியும் ஒரு விரற்கடை நகர்த்தியதில்லை என்பது ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்ததும் அவர்தான்.

"மூணு கடையில தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க அம்மிணி. பதினோரு வருஷத்து மெஷினாமா. சாமானே வராதாமா."

"அது இருக்கட்டுங்க. என்ன குறை?"

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஒரு கைக்குழந்தையின் படம். படத்தின் இடது பாதியில் எல்லா விளிம்பும் இரண்டிரண்டாக விழுந்திருந்தது. குழந்தைக்கு மூக்கு ஒன்றரை. கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டு இரண்டு.

"பேத்திங்க. கனடாவுல பொறந்து நாப்பது நாளாச்சு. மக அனுப்புனா."

"ஸ்டூடியோவுல குடுத்தா பளபளன்னு போட்டுக் குடுப்பாங்களே."

"பளபளன்னு இருந்தா எங்க வீட்டம்மாவுக்கு ஆகாதுங்க. கூசும். ஒண்ணும் தெரியாது. இந்த மெஷின்ல சாதாத் தாள்ல போடறதுதான் அவளுக்குக் கண்ணுல நிக்கும்." கொஞ்சம் தயங்கினார். "வெள்ளிக்கிழமை ஈரோட்டுக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போறோமுங்க. அதுக்குள்ள வேணும்."

"அதுக்குள்ள எதுக்குங்க?"

அர்த்தநாரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னார்.

அவர் மனைவி தெய்வானைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. அந்தக் கண்ணால் ஆளைப் பார்த்தால் காதும் முடியும் தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டு. இடது கண்ணையாவது காப்பாற்ற வேண்டும் என்று டாக்டர் கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்து, வாராவாரம் அந்தக் கண்ணால் பார்க்கச் சொல்லியிருந்தார். கோடு நெளிந்தாலோ விட்டுப்போனாலோ உடனே வர வேண்டும்.

"மூணு வாரமா நெளியுதாமா. பென்சில்ல வட்டம் போட்டு ஃபைல்ல வெச்சுட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பயம். நேத்துத்தான் சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன், வெள்ளிக்கிழமைதான் நேரம் கிடைச்சுது."

பூங்கோதை ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"கண்ணு போறதுக்கு முன்னாடி பேத்தி மொகத்தை முழுசா ஒருக்காப் பாத்து மனசுல வெச்சுக்கிட்டாப் போதுங்கிறா. வேற ஒண்ணும் கேக்கல அவ. இதைக்கூடச் செய்ய முடியலீன்னா அப்புறம் நான் எதுக்கு?"

"துண்டை எடுங்க" என்றாள் பூங்கோதை.

அவர் துண்டை எடுத்து, மின்சாரம் கொடுத்து, நிமிர்ந்து நின்றார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இதுவரைக்கும் என்னென்ன பண்ணுனீங்க?"

"மை அடைப்பு எடுக்கிற ஹெட் கிளீனிங் குடுத்தனுங்க."

"எத்தனை தடவை?"

"பதினாலு."

"அடைப்பு இருந்துதுங்களா?"

"பழைய மெஷினு. இருக்குமில்லீங்களா?"

"இருந்துதான்னு டெஸ்ட் தாள் போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"போடுங்க."

அவர் போட்டார். தாளில் நாலு நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கின. ஒரு துளையில் மை வரவில்லை என்றாலும் அந்தப் படி உடைந்திருக்கும். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"ஒண்ணும் உடையலீங்க."

"இல்லாத அடைப்பைப் பதினாலு தடவை எடுத்திருக்கீங்க."

"மெஷினுக்கு நல்லதுதானேன்னு..."

"ஒவ்வொரு தடவையும் இருக்கிற மையை உறிஞ்சி அடியில இருக்கிற பஞ்சுல கொட்டும். பாதி மை அங்க போயிருச்சு. பஞ்சு ரொம்பிருச்சுன்னா மெஷினே நின்னுக்கும்."

அர்த்தநாரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேலையில் இருந்தபோது அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை.

"அப்ப ஒரு குறை எங்க இருக்குதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

பூங்கோதை எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். "இதைக் காப்பி எடுங்க."

பிரிண்டரின் மேல்மூடியைத் திறந்து கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்து வைத்துக் காப்பி எடுத்தார். காப்பியின் ஒரு மூலையில் கடுகளவு கறை.

"கறை யாருது? காலண்டருதுங்களா, கண்ணாடியுதுங்களா?"

அவர் குனிந்து மூக்கு உரசும் அளவுக்குக் கண்ணாடியைப் பார்க்கப்போனார்.

"குனியாதீங்க. தாளைத் தலைகீழாத் திருப்பி வெச்சு இன்னொண்ணு எடுங்க."

எடுத்தார். எழுத்தெல்லாம் தலைகீழாக வந்தது. கறை மட்டும் அதே மூலையில் இருந்தது.

"தாள் திரும்பிருச்சு. கறை திரும்பல" என்றார்.

"அப்ப?"

"கண்ணாடியுது."

"தாளோட சேந்து திரும்பியிருந்தா?"

"தாளுது."

"அவ்வளவுதானுங்க எங்க படிப்பு."

அவர் விரலால் கண்ணாடியின் மூலையைத் தொட்டார். விரல் நுனி சிவந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குங்குமமுங்க. ஆயுத பூஜைக்கு மூடி மேல வெச்சது, உதுந்திருக்கும்."

"இப்ப கோட்டுத் தாள் போடுங்க."

மெஷின் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளப் போடும் தாள் அது. மேலிருந்து கீழே நெட்டுக் கோடுகள், வரிசையாக. சர்வேயர் அதைக் கையில் வாங்கினார். கோடு என்று வந்துவிட்டால் அவருக்குத் தனித் தெம்பு வந்துவிடும். தாளை முகத்துக்கு நேராக, ஒரு கண்ணை மூடி, வயல் வரப்பைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"இடது பக்கம் மூணாவது கோட்டுலேர்ந்து ஏழாவது வரைக்கும் கோடு நெளியு..."

அந்த வார்த்தையை முழுதாகச் சொல்லவில்லை. நேற்று அடுப்படியில் கேட்ட வார்த்தை அது.

"சொல்லுங்க" என்றாள் பூங்கோதை.

"நெளியுதுங்க. மத்ததெல்லாம் நேரா இருக்குது."

"நடு மூடியைத் தொறங்க. உள்ள, பின்னால, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கண்ணாடி மாதிரி ஒரு பட்டை ஓடும். தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"அதுல இடது பக்கம் என்ன இருக்குது?"

அர்த்தநாரி உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிராமலேயே சொன்னார்.

"பொட்டுங்க."

"என்ன பொட்டு?"

"சந்தனம் வெச்சு, மேல குங்குமம். ஆயுத பூஜைக்கு மிக்சி, பைக்கு, என்னோட பழைய அளவுச் சங்கிலி எல்லாத்துக்கும் வெச்சனுங்க. இதுக்கு மூடி மேல வெச்சேன். மூடியைத் தொறந்தா உள்ள இது ஒண்ணு பளிச்சுனு தெரிஞ்சுது. வெளிய மட்டும் வெச்சுட்டு உள்ள விட்டா ஓரவஞ்சனை ஆயிருமேன்னு..."

பூங்கோதை சிரித்தாள். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

"அது என்னன்னு தெரியுங்களா?"

"ஏதோ பிளாஸ்டிக் பட்டைன்னு நெனச்சனுங்க."

அவள் மேஜை இழுப்பறையிலிருந்து பழைய மெஷின் ஒன்றில் கழற்றிய அதே மாதிரிப் பட்டையையும் ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் பார்த்தார். வெறும் பட்டை இல்லை. மயிரிழைக்கும் மெல்லிய கோடுகள், நெருக்க நெருக்கமாக, ஆயிரக்கணக்கில்.

"அளவுகோலுங்க!" என்றார். குரலில் சின்னப் பையன் மாதிரி ஒரு சந்தோஷம்.

"மை போடுற தலை ஓடும்போது இந்தக் கோட்டை எண்ணிக்கிட்டேதான் ஓடும். எங்க நிக்கிறோம்னு அதுக்கு வேற வழியில தெரியாது. பொட்டு வெச்ச எடத்துல எண்ணிக்கை தப்பிப் போகுது. அங்க போடுற கோடு அலையுது."

சந்தோஷம் அவர் முகத்திலிருந்து இறங்கிவிட்டது. சங்கிலியில் சேறு ஒட்டியிருந்தால் ஆட்களை வயல் நடுவில் நிறுத்தித் திட்டியவர் அவர். அளவு எடுப்பவனுக்குக் கோல்தான் சாமி என்று புதுசாக வந்தவர்களுக்குப் பாடம் எடுத்தவர். சாமிக்குப் பொட்டு வைத்ததில் தப்பில்லை, அளவெடுக்கிற முகத்தில் வைத்ததுதான் தப்பு.

சுத்தமான தண்ணீரில் மென்துணியை நனைத்துப் பிழிந்து கொடுத்தாள். அவர் இரண்டு விரலால் பட்டையைப் பிடித்து, அழுத்தாமல், ஒரே பக்கமாகத் துடைத்தார். நாலாவது தடவை துணியில் சிவப்பு வரவில்லை. காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு மூடியை மூடினார். மறுபடி கோட்டுத் தாள் போட்டார்.

எல்லாக் கோடும் தூக்குக் குண்டு கட்டித் தொங்கவிட்ட மாதிரி நேராக இறங்கின.

"ஆயுத பூஜை முடிஞ்சு எத்தனை நாளாச்சுங்க?" என்று கேட்டாள் பூங்கோதை.

"மூணு வாரமிருக்கும்."

"இந்த மூணு வாரத்துல இதுல வேற என்னென்ன பிரிண்ட் போட்டீங்க?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "பேத்தி போட்டோ. ரேஷன் கார்டு காப்பி ஒண்ணு. அப்புறம்..."

மூன்றாவது விரல் மடங்கவில்லை.

"அப்புறமுங்க?"

"திங்கக்கிழமைத் தாளு" என்றார். உதடு அசைந்த அளவுக்குச் சத்தம் வரவில்லை.

டாக்டர் கொடுத்த அட்டை அடுப்படிச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தது. குழம்பும் எண்ணெயும் தெறித்து அதன் ஓரம் மஞ்சளாகிவிட்டது. அழுக்கு அட்டையைப் பார்த்து என்ன கணக்கு வைப்பது என்று சர்வேயருக்குப் பொறுக்கவில்லை. அதே டாக்டரிடம் போகும் பக்கத்து வீட்டுக்காரரின் பழுப்பில்லாத அட்டையை வாங்கி ஸ்கேன் செய்து போனில் வைத்துக்கொண்டார். போன வருஷத்திலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுத் தாளில் கட்டத்தைப் பிரிண்ட் போட்டு, தேதி எழுதி, பென்சிலோடு அவர்தான் மனைவி கையில் கொடுத்தார். அவர் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஃபைல் உண்டு. தெய்வானையின் கண்ணுக்கும் ஒன்று உண்டு.

தோல் பையைத் திறந்து அந்த ஃபைலை எடுத்தார். மூன்று தாள்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். முதல் தாளில் ஒரு பென்சில் வட்டம், இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் ஐந்து. எல்லாம் இடது பக்கம். நேற்று அவர் இந்த வட்டங்களை எண்ணினார். எண்ணி முடித்ததும் ஃபைலை மூடிவிட்டார். வட்டத்துக்குள் இருந்த கோட்டை இப்போதுதான் பார்க்கிறார்.

கோடு நெளிந்திருந்தது. யார் கண்ணுக்கும் இல்லை, தாளில் நெளிந்திருந்தது.

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல!" என்று கத்தினார். கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் ஒரு நொடி நின்றது. அவர் அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடினார். "ஒண்ணுமில்ல டீச்சரம்மா, அவ கண்ணுக்கு ஒண்ணுமே இல்ல. நான் போறேன்."

"உக்காருங்க."

"போய்ச் சொல்லோணுமுங்க."

"என்னன்னு சொல்லுவீங்க? தாள்ல குறை இருக்குதுன்னு தெரிஞ்சுது. கண்ணுல இல்லேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் நின்றுவிட்டார். இரண்டும் இருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. வந்த சந்தோஷம் எல்லாம் வடிந்து, செருப்பு ஒரு காலில் மட்டும் மாட்டியிருக்க, சுவரில் கை ஊன்றிக்கொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"அதை எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

பூங்கோதை மேஜை மேல் கிடந்த காலண்டர் தாளை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

அர்த்தநாரி அதைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

"வட்டம் போடாத தாள் வீட்ல இருக்குதுங்களா?"

"எதையும் ரெண்டு பிரதி போடுவனுங்க. நேத்துப் போட்டதுல ஒண்ணு இருக்குது."

"பட்டை துடைச்சதுக்கப்புறம் போட்ட தாள் ஒண்ணும் எடுத்துக்கங்க. அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க."

"ஏனுங்க?"

"சொன்னா உங்களுக்காக நேராத்தான் தெரியுதும்பாங்க. அப்புறம் எது எப்படி இருந்தாலும், வெள்ளிக்கிழமை ஈரோட்டுக்குப் போகோணும்."

போனில் இருந்த கட்டத்தை அவள் லேப்டாப்பில் ஏற்றிப் புதுத் தாள் ஒன்று போட்டுக்கொண்டார். மெஷினை அங்கேயே விட்டுவிட்டுப் புறப்பட்டார். பஸ்ஸில் இருக்கை காலியாக இருந்தும் வீடு வரைக்கும் நின்றுகொண்டே போனார்.

வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. தெய்வானை அடுப்படியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். இரண்டு கண்ணும் மூடியிருந்தன. ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. உதடு எண்ணிக்கொண்டிருந்தது. பதினொண்ணு, பன்னெண்டு. பன்னிரண்டில் நின்று கையை நீட்டினாள். குழாய் கைக்கு வந்தது.

"கண்ணை மூடிட்டு என்ன பண்றே?"

அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். திருடும்போது பிடிபட்ட மாதிரி நின்றாள்.

"பழகிக்கிறேனுங்க" என்றாள்.

அவருக்கு அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். அறுபத்தேழு வயதில் ஒரு டீச்சர் சொல்லைத் தட்ட முடியவில்லை.

"உக்காரு. ஒரு தாள் பாக்கோணும்."

"நேத்துத்தான பாத்தேன்?"

"மறுபடி பாரு."

அவள் வெளிச்சமான இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பழக்கப்பட்ட வேலை. அவர் வட்டம் போடாத நேற்றைய தாளை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நடுப் புள்ளியையே பாரு. எங்க நெளியுது?"

"நேத்து மாதிரித்தான். இடது பக்கம்."

தாளை இறக்கினார். தன் உடம்பை ஒட்டி வைத்துத் தலைகீழாகத் திருப்பினார். மறுபடி உயர்த்தினார். தாள் படபடவென்று ஆடியது.

"ஆட்டாம புடிங்க" என்றாள். பிறகு நடுப் புள்ளியையே பார்த்தாள்.

அவர் எத்தனையோ நிலத் தகராறுகளில் இரண்டு பக்கமும் ஆள் திரண்டு நிற்க நடுவில் நின்று அளந்திருக்கிறார். அப்போதெல்லாம் இந்தப் பயம் வந்ததில்லை.

"ஏனுங்க" என்றாள் மெதுவாக. "இப்ப வலது பக்கம் நெளியுது. இடது பக்கம் நேரா இருக்குது. சீக்கு எடம் மாறுமுங்களா?"

அவர் புதுத் தாளை எடுத்துப் பிடித்தார். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் பார்த்தாள். கொஞ்சம் முன்னால் வந்து பார்த்தாள். பின்னால் சாய்ந்து பார்த்தாள்.

"இது எந்தக் கடையில வாங்குனீங்க?"

"எப்படி இருக்குது?"

"நேரா இருக்குது."

"நல்லாப் பாத்துச் சொல்லு தெய்வானை."

"எத்தனை தடவை பாத்தாலும் நேராத்தானுங்க இருக்குது. நான் எதுக்குப் பொய் சொல்றேன்?"

அர்த்தநாரி தாளைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தார். அவள் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதார். என்னவோ ஏதோவென்று பதறிய தெய்வானைக்கு ஆயுத பூஜையிலிருந்து கதை சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. கேட்டு முடித்தவள் முதலில் அவரைத் திட்டினாள். மூன்று வாரம் சொல்லாமல் இருந்ததற்காக அவர் அவளைத் திட்டினார். பிறகு இருவரும் காபி குடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஈரோட்டில் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, மெஷினில் முகவாயை வைக்கச் சொல்லி, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இடது கண் போன தடவை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மூன்று தாளையும் பார்த்துவிட்டுப் புது அட்டை ஒன்றைக் கொடுத்தார். இதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாட்டுங்கள், தயவுசெய்து நீங்கள் ஒன்றும் பிரிண்ட் போடாதீர்கள் என்றார். அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை இருவரும் டயர் கடை மாடிப்படி ஏறினார்கள். மெஷினை எடுத்துப்போக வேண்டும். படமும் இன்னும் போடவில்லை.

"போடுங்க" என்றாள் பூங்கோதை, ஸ்டூலில் உட்கார்ந்தபடி. "மூணு விதமாப் போடுங்க. தாள் வகையை மாத்தி மாத்தி."

மூன்று படம் வந்தது. அர்த்தநாரி மூன்றையும் மேஜையில் வைத்துப் பார்த்தார். மூன்றும் அவருக்கு ஒரே மாதிரி இருந்தன.

"எல்லாமே நல்லாத்தாங்க இருக்குது."

தெய்வானை மூன்றையும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். வலது கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுலதான் இமை முடி தனித்தனியாத் தெரியுது. பொட்டு ஒண்ணா இருக்குது." படத்தை இன்னும் கிட்டத்தில் பிடித்தாள். "எங்க மாமியார் மூக்குங்க. அப்படியே இருக்குது."

அவள் அந்தப் படத்தை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. பேத்தியோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

அர்த்தநாரி மெஷினைத் துண்டில் சுற்ற ஆரம்பித்தார்.

"வாரம் ஒரு கலர் தாளாவது போடோணுமுங்க" என்றாள் பூங்கோதை. "சும்மா வெச்சா மை காஞ்சு போயிரும். அப்ப நெஜமாவே அடைப்பு வரும்."

"திங்கக்கிழமைத் தாளைத்தான் டாக்டர் வேண்டாமுன்னுட்டாரே."

"பேத்தி வாரம் ஒரு படம் அனுப்பாதுங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. துண்டின் முனையை முடிச்சுப் போட்டார். பிறகு அவிழ்த்தார். மறுபடி போட்டார். கேட்க வந்ததைக் கேட்காமல் படியிறங்க மனமில்லை.

"டீச்சரம்மா, முப்பத்துநாலு வருஷம் கோடு போட்டே சோறு தின்னவன் நான். அந்த மூணு தாளும் என் கையிலயே போட்டு, என் கையிலயே குடுத்து, என் ஃபைல்லயே இருந்துது. எனக்கு எப்படிங்க தெரியாமப் போச்சு?"

பூங்கோதை ஜன்னலோரம் பார்த்தாள். தெய்வானை இடது கண்ணால் பேத்தியின் கன்னத்துப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்ல மொத்தம் மூணு நல்ல கண்ணுங்க" என்றாள். "அதுல ஒண்ணு மட்டுந்தான் ஒழுங்காப் பாத்துது. அதைத்தான் நீங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க."